எழுபத்திரண்டு தீபத்துக் கார்

எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் அந்த அம்மா முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார். நாற்காலி, புதுச்செருப்பு, குழந்தையின் கிலுகிலுப்பை, எதுவானாலும் சரி. செங்கம் ரோட்டு டீக்கடையில் ஒருமுறை பாதி டீ இருக்கும்போதே டம்ளரைத் தூக்கி அடியில் என்ன முத்திரை என்று பார்க்கப்போய், மீதி டீ பெஞ்சில் கொட்டியது. கடைக்காரர் முறைத்தார். இவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "புது டம்ளரு. போன தீபத்துக்கு அப்புறம் வாங்கியிருக்கான்," என்று என்னிடம் சொல்லிவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் செங்கம் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் வந்து அவரவர் ஊருக்குப் பேசுவார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேர் அழுவார்கள். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் ஒன்றும் உறைக்காது. எனக்கு அதற்கு முன்பே அப்படித்தான். வீட்டில் என்னைக் கல்லு என்றுதான் சொல்வார்கள்.

பூத்தை ஒட்டி அவருடைய பழைய சாமான் கடை. பித்தளைக் குத்துவிளக்கு, மரப்பெட்டி, உடைந்த சுவர்க்கடிகாரம் எல்லாம் பெயருக்கு இருக்கும். உள்ளே அலமாரி முழுக்கத் தகரக் கார்கள். ஊரில் அவருக்குக் கார் அம்மா என்றே பெயர். உண்மையான காரில் அவர் ஏறி நான் பார்த்ததில்லை. வாந்தி வரும் என்பார்.

அந்தக் கார்களின் வயதைச் சொல்வதுதான் அவருடைய வேலை, பொழுதுபோக்கு, வியாதி எல்லாம். எந்தத் தகரக் காரைக் கொடுத்தாலும் இது இந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார். அவருக்கு வருஷம் ஜனவரியிலும் பிறக்காது, சித்திரையிலும் பிறக்காது. மலைமேல் கார்த்திகை தீபம் ஏறினால் ஒரு வருஷம். அதில் நியாயமும் இருந்தது. அவருடைய மாமனார் தீபத் திருவிழாவுக்குத் தேரடி வீதியில் பொம்மைக்கடை போட்டவர். வருஷத்துக்கு ஒருமுறை, தீபத்துக்காக மட்டும் மெட்ராஸிலிருந்து சரக்கு எடுத்துவருவார். அந்தந்த வருஷத்துக் கார் அந்தந்தத் தீபத்துக்கு வந்து இறங்கிவிடும்.

"கல்யாணம் ஆன புதுசுல என்னையும் கடையில உக்கார வெச்சாங்க," என்று ஒருநாள் சொன்னார். "மருமக குனிஞ்ச தலை நிமிரக் கூடாதுன்னு மாமியார் உத்தரவு. வர்றவங்க மூஞ்சியப் பாக்கக் கூடாது. குனிஞ்சினே இருந்தா இன்னாத்தப் பாக்கறது? மடியில கெடக்கற பொம்மையத்தான் திருப்பித் திருப்பிப் பாத்துனு இருப்பேன்."

அப்படிப் பார்த்துப் பார்த்து அவர் கண்டுபிடித்தவை பல. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். திருவிழாக்களில் அதிகம் விற்றது ஒரு சிவப்புக் கார். வெள்ளைக் கூரை. உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம். அதே கார்தான் பல வருஷம் வந்தது என்று நாம் நினைப்போம். இல்லை என்பார். ஆரம்பத்தில் ஜன்னலில் தொப்பி வைத்த டிரைவரும், பின் சீட்டில் கொண்டை போட்ட ஓர் அம்மாவும் அச்சாகியிருப்பார்கள். பிறகு அம்மாவைக் காணோம். அதற்கும் பிறகு டிரைவரையும் காணோம், ஜன்னலில் வெறும் கறுப்பு. "மொதல்ல அந்தம்மா எறங்கிட்டாங்க. ஆளில்லாத வண்டிய எதுக்கு ஓட்டணும்னு அப்பால அவனும் எறங்கிட்டான்," என்பார். சிரிக்கமாட்டார்.

சக்கரம் முதலில் தகரம், பின்னால் பிளாஸ்டிக். ஆனால் ஜன்னலையும் சக்கரத்தையும் அவர் முழுதாக நம்புவதில்லை. அடித்தகடுதான் அவருக்குச் சாட்சி. எழுபத்திரண்டாம் தீபம் வரைக்கும் வந்த சிவப்புக் கார்களுக்கு அடித்தகடு பழைய எண்ணெய் டின்னை வெட்டிச் செய்தது. கவிழ்த்தால் பாதி எழுத்து, பாதி சூரியகாந்திப் பூ, ஏதாவது தெரியும். மேல்தகட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தகரக் காதுகள் அதில் நுழைந்து முறுக்கிவிடப்பட்டிருக்கும். எழுபத்துமூன்றிலிருந்து அடித்தகடு வெறும் வெள்ளைத் தகரம். காதுகளை முறுக்காமல் தட்டையாக மடித்துவிட்டார்கள். மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். டிரைவர் இருப்பார், அம்மாவும் இருப்பார்.

"மூஞ்சி எப்பிடி வேணா இருக்கும். அடியப் பாரு," என்பார்.

இவ்வளவு தெரிந்தவர் கொஞ்சம் இதமாகப் பேசியிருக்கலாம். அது வராது. ஒரு வெள்ளைக்காரர் தான் பிறந்த வருஷத்துக் கார் வேண்டும் என்று கேட்டு வந்தார். கூட்டிவந்த ஆட்டோக்காரர் கெஞ்சாத குறை. "அவருக்கு இன்னா தெரியப்போவுது, அந்த வருஷம்தான்னு சொல்லேம்மா." இவர் காரைக் கவிழ்த்துக் காட்டி, இது அதற்கு நாலைந்து தீபம் பின்னால் வந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஆட்டோக்காரர் அதன்பின் யாரையும் இந்தக் கடைக்குக் கூட்டிவரவில்லை.

அதுவாவது போகட்டும். ஒருநாள் பாங்கில் வேலை செய்பவர் ஒருவர் கைக்குட்டையில் சுற்றி ஒரு நீலக் காரைக் கொண்டுவந்தார். அவருடைய காதுகுத்துக்கு அவர் அப்பா வாங்கிக் கொடுத்ததாம். அப்பா அதன்பிறகு அதிக நாள் இருக்கவில்லையாம். எந்த வருஷத்துக் கார் என்று தெரிந்தால் நன்றாயிருக்கும் என்றார். இவர் கவிழ்த்தார்.

"அப்பா எப்ப தவறினாரு?"

அவர் சொன்னார்.

"அப்ப இது அவரு வாங்கினது இல்லீங்க. அவரு போய் ரெண்டு தீபம் கழிச்சி வந்த காரு."

பாங்குக்காரர் சிரித்தபடி மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னார். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அந்த நீலக் கார் ரோட்டோரச் சாக்கடையில் கிடந்தது. கார் அம்மா அதை எடுத்துவந்து கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தார்.

"ஆமாங்கன்னு சொல்லியிருக்கலாமேக்கா," என்றேன்.

"அவரு கேட்டாரு. கேட்டா சொல்லணும். கேக்காத வரைக்கும் நான் ஏன் வாயத் தொறக்கறேன்?"

அன்று அவர்மேல் எனக்குக் கோபமா பயமா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டும் இல்லை. தொலைபேசி அடித்தது, எடுத்தேன்.

தன் தப்பையும் அவர் விட்டுவைத்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு குடும்பம் கிரிவலம் வந்தபோது வீட்டிலிருந்த ஒரு காரைக் காட்டிவிட்டுப் போனது. ஏதோ அவசரத்தில் தகரச் சக்கரத்தைப் பார்த்து ஒரு வருஷம் சொல்லிவிட்டார். ஒரு வாரம் கழித்து, அந்தச் சக்கரம் வேறொரு காரிலிருந்து கழற்றி மாட்டியது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. கடையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மொட்டை வெயிலில் பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்து, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு," என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்களுக்கு அவர் சொன்னதும் நினைவில்லை, காரும் எங்கே என்று தெரியவில்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஒரு பை வேர்க்கடலை கொடுத்து அனுப்பினார்கள். அதில் பாதியை எனக்குக் கொடுத்தார். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டதாகவும் சொன்னார்.

இந்தக் கதையை நான் வேடிக்கையாக வீட்டில் சொன்னேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"எந்தக் காரா இருந்தாலும் கரெக்டா சொல்லிடுவாங்களா?"

அம்மா ஏன் கேட்கிறாள் என்று எனக்கு உடனே தெரிந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு சிவப்புக் கார் இருந்தது.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான். நாலு வயதில், எழுபத்துமூன்று தை மாதம், காய்ச்சலில் போனான். நான் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தேன். எனக்கு அவன் முகம் தெரியாது. வருஷம் தவறாமல் தீபத்தன்று அம்மா தன் பெட்டியிலிருந்து அந்தக் காரை எடுத்து, மஞ்சள் துணியோடு அகல்விளக்குப் பக்கத்தில் வைத்து, கார்த்திகைப் பொரியை முதலில் அதன்முன் படைப்பாள். எனக்கு அப்புறம்தான். சின்ன வயதில் அந்தக் காரை உடைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். பிறகு அந்த ஆசையும் போய்விட்டது.

அம்மாவுக்கு ஒரு வழக்கு இருந்தது. அண்ணன் சாவதற்கு முந்தைய தீபத்தன்று அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனாள், அவன் சிரித்துக்கொண்டே இந்தக் காரைக் கைகாட்டினான், அப்பா வாங்கிக் கொடுத்தார். இது அவள் சொல்வது. பெரியம்மாவும் மற்ற சொந்தக்காரர்களும் அதை ஒப்புக்கொள்வதில்லை. பிள்ளை ஐப்பசியிலேயே படுத்துவிட்டான், தீபத்துக்கெல்லாம் வீட்டைவிட்டே வெளியே வரவில்லை, பிள்ளை போன துக்கத்தில் இவளாக நினைத்துக்கொள்கிறாள் என்பார்கள். எதிரில் சொல்லமாட்டார்கள். எதிரில் சொல்லாவிட்டாலும் காதில் விழும்.

"உங்க அப்பா ஆமாங்கறாரு. எனக்காகச் சொல்றாருன்னு அவங்க நெனைக்கறாங்க," என்றாள் அம்மா. "இந்தக் காரு ஒண்ணுதான் எனக்குச் சாட்சி. அந்தம்மா வாயால எந்தத் தீபம்னு சொல்லிட்டா போதும். அப்பால எவளும் பேசமாட்டா."

அந்தக் கார் நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் காணாமல் போயிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். அதையும் அம்மாதான் சொல்லியிருக்கிறாள். அண்ணன் போன அன்று காணாமல் போனது. அவள் வீட்டைப் புரட்டித் தேடி, சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாளாம். அடுத்த தீபத்தன்று அப்பா பரணிலிருந்து கண்டெடுத்துக் கொடுத்தாராம். கடவுள் திருப்பிக் கொடுத்ததாக அவள் நம்பினாள்.

அந்தப் பௌர்ணமிக்கு அம்மா கிரிவலம் போயிருந்தபோது நான் பெட்டியைத் திறந்து காரைக் கவிழ்த்துப் பார்த்தேன். வெறும் வெள்ளைத் தகரம். எழுத்தும் இல்லை, பூவும் இல்லை. காதுகள் தட்டையாக மடிந்திருந்தன.

எழுபத்துமூன்று. அண்ணன் போனதற்கு அடுத்த தீபம். அப்பா பரணிலிருந்து எடுக்கவில்லை, கடையிலிருந்து வாங்கி வந்திருக்கிறார். என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. துணியில் முன்புபோலவே சுற்றி வைத்தேன். சுற்று மாறிவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

பிறகு நாள் கடத்தினேன். கடை மூடியிருக்கிறது என்றேன். அந்தம்மா ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். கார் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் பொய் சொல்லச் சொல்லி அவரிடம் எந்த வாயால் கேட்பது? அந்த நீலக் கார் அலமாரியில் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா தானாகவே ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். பூத்தில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். அவளை அப்படியே விட்டுவிட்டு நான் ஓடினேன். அதற்குள் அம்மா மஞ்சள் துணியைப் பிரித்துக் காரை நீட்டியிருந்தாள்.

"என் பையன்துங்க. எந்தத் தீபத்துதுன்னு நீங்கதான் சொல்லணும்."

கார் அம்மா இரு கையாலும் வாங்கினார். கவிழ்க்கப் போனவர் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். கவிழ்க்கவில்லை. துணியோடு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் அடியில் விட்டுத் தடவினார். முன்காது, பின்காது. மடிப்பு அவர் விரலுக்குத் தெரிந்திருக்கும். எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா?

"பையன் எங்க இருக்கறான்?"

"இல்லீங்க. எழுபத்திமூணு தையில போயிட்டான். அதுக்கு முந்தின தீபத்தன்னைக்கு என் இடுப்புல உக்காந்து இதக் காட்டினான். யாரும் நம்பமாட்டேங்கறாங்க."

கட்டைவிரல் அப்படியே நின்றது. பூத்துக்குள் அந்தப் பெண் என்னவோ பாஷையில் பேசிக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது.

"எழுபத்திரெண்டு தீபம்," என்றார் கார் அம்மா. "நீங்க சொல்றதுதான் சரி. யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அம்மா அழவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு, "வரேங்க," என்று சொல்லி, வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போனாள். நான் கார் அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஒரு குத்துவிளக்கைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"இனிமே உங்க அம்மாவ இங்க வர வுடாத," என்றார்.

சில நாள் என்னோடு பேசவில்லை. நான் கேட்டு அவர் பொய் சொன்னதுபோல் என்மேல் கோபம்.

அன்று சாயங்காலம் அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஏன் போனாள் என்று சொல்லத் தேவையில்லை. அப்பாவும் நானும் மட்டும் வீட்டில். அப்பா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்தம்மா கார வாங்கித் திருப்பிப் பாத்தாங்களா?"

"இல்லப்பா."

அவர் டீயைக் குடித்தார். நானும் குடித்தேன். ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை; அதிலேயே எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைப்பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. முதல் கார் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருக்கலாம்.

அதன்பின் சொந்தத்தில் யாரும் அம்மாவிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தீபத்தன்று காரை விளக்கருகில் வைக்கும்போது அவள் முன்புபோல் மற்றவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அம்மா இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஒரு மழைக்காலத்தில் போனாள். எல்லார் கையிலும் செல்போன் வர ஆரம்பித்திருந்தது. பூத்தில் நான் பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன். கார் அம்மாவுக்கும் கண்ணில் புரை விழுந்து, கார்களை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பார். பார்ப்பதைவிடத் தடவுவதுதான் அதிகம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அப்பா என் பூத்துக்கு வந்தார். அதுவரை அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பக்கத்துக் கடைக்குள் போய், மஞ்சள் துணியைப் பிரித்துக் காரை மேசைமேல் வைத்தார்.

"இது எந்தத் தீபத்துக் காருங்க?"

கார் அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் காரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். இந்தமுறை துணியை முழுதாக எடுத்துவிட்டு, காரை நன்றாகக் கவிழ்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"எழுபத்திமூணுங்க."

"ஆமாங்க," என்றார் அப்பா. "அன்னைக்கு நல்ல மழை. நனைஞ்சினே வாங்கினேன்."

"அன்னைக்கு உங்க வீட்டம்மாகிட்ட நான் பொய் சொன்னேன்."

"தெரியுங்க. ஆனா அவ சொன்னது பொய் இல்ல. எழுபத்திரெண்டுல நாங்க கடைக்குப் போனது நெசம். அவன் காட்டினதும் நெசம்."

"அப்ப அந்தக் காரு எங்க?"

என்னால் இத்தனை வருஷம் கேட்க முடியாததை அவர் ஒரு நொடியில் கேட்டுவிட்டார். அப்பாவும் யாரோ கேட்பதற்காகவே காத்திருந்ததுபோல் சொன்னார்.

"அவன் கையில வெச்சி அனுப்பிட்டேங்க. குழியில எறக்கும்போது, புள்ள வெளையாடினத கூட வெச்சிடுன்னு பெரியவங்க சொன்னாங்க. வெச்சிட்டேன். சுடுகாட்டுக்குப் பொம்பளைங்க வரமாட்டாங்க இல்ல, அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தா காரக் குடு, காரக் குடுன்னு கேக்கறா. எப்பிடிச் சொல்றது? தோண்டி எடுக்கவா முடியும்?"

அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. கார் அம்மா காரைக் கவிழ்த்தபடியே வைத்துக்கொண்டு நின்றார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது. எதையோ யோசிக்கிற மாதிரி மடிந்த காதுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"எழுபத்திரெண்டுன்னா எண்ணெய் டின்னுத் தகரம்," என்றார் கடைசியில். "அதுல மேல கீழ ரெண்டு பக்கமும் பெயிண்ட் இருக்கும். மண்ணுல கெடந்தாலும் சீக்கிரத்துல துரு ஏறாதுங்க. அப்படியேதான் இருக்கும்."

அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். காரை வாங்கிக்கொண்டு, மழை வருவதற்குள் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார். அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது, அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.

எண்ணெய் டின் தகரம் மண்ணில் எத்தனை வருஷம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. கார் அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.